கல்லைப் பார்க்க ஓர் அனுமதி, அச்சிட வேறோர் அனுமதி

நிலவியல் சேகரிப்புகளையும் பழைய ஆவணங்களையும் வைத்து ஓவியமோ அச்சுப்படமோ செய்ய நினைக்கும் கலைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கல்லூரியிலும் வேலை பார்க்காத, கடிதத்தாளில் அச்சிட ஒரு நிறுவனத்தின் பெயர்கூட இல்லாத என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பாம்பனில் இருந்துகொண்டு நான் தொடங்கிய ஒரு வேலையில் ஏறத்தாழ ஓர் ஆண்டும், வரவேண்டியதையும் கையிலிருந்ததையும் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்கு மேலும் போயின. கல்லைப் பார்ப்பதற்கும் அதன் படத்தை அச்சிட்டு விற்பதற்கும் இடையில் எத்தனை கதவுகள் உண்டு என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி போயிருக்காது.

வேலை இதுதான். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் தீவு வரை கடலோரத்தில் சில இடங்களில், இன்றைய அலைமட்டத்துக்குச் சற்று மேலே, செத்துப்போன பழைய பவளத்திட்டு படுகையாகத் தெரியும். ஒரு காலத்தில் கடலுக்குள் வளர்ந்த பவளங்கள் வளர்ந்த நிலையிலேயே நிற்க, அவற்றின் தலைப்பகுதி மட்டும் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். பவளத்திட்டு ஆய்வாளர்களான டேவிட் ஸ்டாட்டர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் திட்டுக்குக் கிடைத்த கார்பன் காலக்கணிப்பு ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். அதாவது, கடல் இப்போதிருப்பதைவிடச் சற்று உயர்ந்து நின்றதற்கான சாட்சி எங்கள் ஊர்க் கரையில் கிடக்கிறது. என் பெரியப்பா இளவயதில் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர்; பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலத்தை அவர் வழியாகவே அறிவேன். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தால், பவளத்தின் நட்சத்திரக் கண்கள் கல்லுக்குக் கல் தெரியும். கடல், கல், சுண்ணாம்பு, சுவர் என்ற இந்த வரிசையைக் கல்லச்சுப் படங்களாக, அதாவது வழவழப்பான அச்சுக்கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், செய்வது என் திட்டம். ஒரு கலை அமைப்பு 1,50,000 ரூபாய் நல்கை தந்தது. முதல் தவணை 60,000, படங்களை ஒப்படைத்தபின் மீதி 90,000.

கரையிலேயே கல் கிடக்கும்போது அருங்காட்சியகப் பெட்டியைத் தேடி ஏன் போனாய் என்று கேட்காதவர்கள் இல்லை. பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிய செத்த கிளையைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாலும், அது செத்தது என்ற விளக்கம் சோதனைச் சாவடியில் எடுபடாது. வெளியூரிலிருந்து வரும் கலைஞர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து வரையலாம், படமெடுக்கலாம். எடுத்துச் செல்லக் கூடாது. மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைய வேண்டுமானால் முன்பே முறையாகச் சேகரிக்கப்பட்ட மாதிரிகளே வழி. அப்படித்தான் வெளியூரில் உள்ள அரசு உதவி பெறும் பழைய கல்லூரி ஒன்றின் நிலவியல் துறைச் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெயர் வேண்டாம்.

தொலைபேசியில் பேசிய பொறுப்பாளர் மிகவும் அன்பாக, "தாராளமா வாங்கம்மா, வந்து பாத்து வரைஞ்சுக்கோங்க, படமும் எடுத்துக்கோங்க" என்றார். அப்போது பாம்பன் ரயில் பாலம் மூடியிருந்தது. 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகுதான் தீவுக்குள் மீண்டும் வந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் தாள் உருளையையும் கேமராப் பையையும் சுமந்து பேருந்தில் கடலைத் தாண்டி வந்து ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. துறை உதவியாளர் என்னைப் பார்த்து, "கல்லு பாக்கவா ராமநாதபுரத்துலருந்து வந்தீங்க? உங்க ஊர்லயே கெடக்குமே" என்று சிரித்தார். "எங்க ஊர்ல தொட்டா வனத்துறை வரும்ணே" என்றேன்.

சேகரிப்பில் வேலை செய்வதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சிக்கல் ஊர்ப்பெயர். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் உருவானது. அதற்கு முன் ராமேஸ்வரமும் பாம்பனும் மதுரை மாவட்டத்தில் இருந்தன. 1985-இல் அது மூன்றாகப் பிரிந்து, சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே மதுரையின் பழைய ஆங்கில வழக்கான 'மதுரா' என்று சீட்டு ஒட்டிய கல் பாம்பன் கரையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ராமநாதபுரத்தைக் குறிக்கும் 'ராம்நாட்' என்று எழுதிய கல் கடலையே பார்த்திராததாக இருக்கலாம். 'ராம்நாட் லைம்ஸ்டோன்' என்று எழுதிய ஒரு கட்டியை ஆசையோடு கையில் எடுத்தேன். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பார்த்தபோது பவள உயிர் குடியிருந்த கிண்ணமோ அதற்குள் ஆரக்கால் போன்ற தடுப்புகளோ எதுவும் இல்லை. ஒன்றோடொன்று பிணைந்த படிகமணிகள் சர்க்கரைக் கட்டியைப் போல மின்னின. பதிவேட்டைப் புரட்டினால் அது அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல். பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமாக மாறிய, பவளத்திட்டைவிடக் கணக்கற்ற மடங்கு பழைய பாறை. நான் தேடிய பாம்பன் பவளக்கல் 'மதுரா' என்ற இழுப்பறையில் கிடந்தது. சீட்டை மட்டும் நம்பியிருந்தால் படத்தொகுதியின் முதல் தாளே பொய்யாகப் போயிருக்கும். நீர்த்த அமிலம் பட்டால் இரண்டு கல்லுமே நுரைக்கும் என்பதால் அந்தச் சோதனையால் இங்கே பயனில்லை. தவிர, அருங்காட்சியக மாதிரியின் மேல் ஒரு சொட்டு விட்டாலும் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும்.

ஆகையால் கல்லைக் கேட்பதற்கு முன் பதிவேட்டைக் கேளுங்கள். கல்லின் மேல் வெள்ளைப் பூச்சிட்டு மையால் எழுதிய எண், பெட்டிக்குள் உள்ள சீட்டு, பதிவேட்டின் வரி ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் அந்த மாதிரியை நம்பலாம். சீட்டின் இரு பக்கமும் படமெடுங்கள். பின்பக்கத்தில்தான் பல நேரம் சேகரித்தவரின் குறிப்பு இருக்கும். ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்காதீர்கள், சீட்டு இடம் மாறிவிட்டால் அந்தக் கல்லுக்கு ஊரே இல்லாமல் போய்விடும். மை பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில் மட்டும் கொண்டு செல்லுங்கள். மேசையில் விரிக்க ஒரு பருத்தித் துண்டு, அளவுகோல், நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை, கையுறை, சிறிய டார்ச் இருந்தால் போதும். பவளத்தின் வெளிறிய பரப்பு நேர் வெளிச்சத்தில் வெறும் மாவாகத் தெரியும். டார்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு நிழல் விழும். என் வரைபடங்கள் எல்லாம் அந்த நிழலைப் பார்த்து வரைந்தவை. தாளை மேலே வைத்துக் கரியால் தேய்த்து அச்செடுப்பதற்கோ, களிமண்ணிலோ மெழுகிலோ அச்சு வார்ப்பதற்கோ எந்தச் சேகரிப்பும் ஒப்பாது.

இன்னொன்றும் கண்டேன். மர இழுப்பறையில் பல காலம் கிடந்த சில சங்குகளின் மேலும் பவளத்துண்டுகளின் மேலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஊசி ஊசியாக, ஊதினால் பறக்கும் அளவுக்கு மென்மையாக இருந்தது. அழுக்கு என்றே முதலில் நினைத்தேன். மரம் வெளியிடும் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டை அரித்து உண்டாக்கும் உப்பு அது. லோஃப்டஸ் பைன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்ததால் பைன் நோய் என்றே பெயர். அவர் நுண்ணுயிர் என்று கருதினார், உண்மையில் நோயுமில்லை, கிருமியுமில்லை, அடைபட்ட பெட்டிக்குள் நடக்கும் வேதிவினைதான். துடைக்க வேண்டாம், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதற்காக அவர் நன்றி சொன்னார். அந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த கடைசி நல்ல வார்த்தை அது.

அடுத்த முறை நான் போனபோது அந்தப் பொறுப்பாளர் மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், இங்கே எடுத்த படங்களை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும், பயன்படுத்துவதானால் ஒரு படத்துக்கு 2,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றும், அதற்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றும் சொன்னார். "நீங்க எந்த காலேஜ்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. முன்னவர் வாய்மொழியாகத் தந்த அனுமதியை நினைவூட்டினேன். "அது அவர் சொன்னது" என்றார். சட்டப்படி அவர் பேச்சில் குறை காண முடியாது. ஆனால் கட்டணத்துக்கு ஆதாரமான விதியைக் காட்டுங்கள் என்றபோது எதுவும் காட்டவில்லை. கடிதம் எழுதினால் பதிலும் இல்லை. மாதங்கள் போயின. படங்களை ஒப்படைக்கும் தேதி கடந்தது; நல்கை தந்தவர்கள் ஒருமுறை நீட்டித்தார்கள், அதன்பின் வருத்தத்தோடு இரண்டாம் தவணையை ரத்து செய்தார்கள். அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணம் 18,000 ரூபாய் திரும்பவில்லை. ரயில், அறை, சாப்பாடு என்று போனது 20,000-க்கும் மேல்.

பணத்தைவிட வேறொன்று உறுத்தியது. கல் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போன வேலை, அத்தை ஒவ்வொரு முறையும் "முடிஞ்சிருச்சா தாயி?" என்று கேட்பார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவெல்லாம் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல், பதில் வராத கடிதங்களின் வாசகத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருப்பேன். எங்கள் கரையிலிருந்து போன கல்லைப் பார்ப்பதற்கு நான் யாரென்று நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேகரிப்பைக் காப்பவர்களின் அச்சமும் பொய்யானதல்ல. ஆள் குறைவு, ஒரு கல் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பார்ப்பது, வரைவது, படமெடுப்பது, முப்பரிமாணத்தில் வருடுவது (ஸ்கேன் செய்வது), காட்சிக்கு வைப்பது, அச்சிட்டு விற்பது, இணையத்தில் போடுவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதி. ஒன்றுக்குச் சம்மதித்தால் மற்றொன்றுக்கும் சம்மதித்ததாகப் பொருளில்லை. முதல் கடிதத்திலேயே இவற்றுள் உங்களுக்குத் தேவையானவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பிரதிகள் அச்சாகும், என்ன விலை, நிறுவனத்தின் பெயரும் மாதிரியின் எண்ணும் படத்தின் கீழே எப்படி வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். கடிதம் ஆளின் பெயருக்கன்றி முதல்வருக்கோ இயக்குநருக்கோ, அதாவது பதவிக்குப் போக வேண்டும். பதிலும் பதவியின் முத்திரையோடு வர வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். தொலைபேசியில் அன்பாகச் சம்மதித்தால், அன்றிரவே "இன்று தாங்கள் இன்னின்னவற்றுக்கு இசைவு தெரிவித்தீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். நிறுவனம் சாராதவர்கள் உள்ளூர்க் கல்லூரியின் நிலவியல் அல்லது வரலாற்றுத் துறையிடமோ, தாங்கள் படித்த கவின்கலைக் கல்லூரியிடமோ ஒரு அறிமுகக் கடிதத்தை வேலை தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. தேவைப்பட்டபின் கேட்டால் அதற்கே ஒரு மாதம் ஆகிவிடும்.

பதில் வராமல் போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடிந்தது. வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். பதில் தர 30 நாள் கெடு. இங்கே கேள்வியை அமைக்கும் விதம் முக்கியம். ஏன் அனுமதி தரவில்லை என்று கேட்டால் அது தகவலல்ல என்று தள்ளிவிடலாம். மாதிரிகளைப் படமெடுப்பதற்கான கட்டணத்தை நிர்ணயித்த ஆணையின் நகல் வேண்டும் என்று கேட்டால், ஆவணம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படியொரு ஆணை பிறப்பிக்கப்படவில்லை என்று எனக்குப் பதில் வந்தது. அதை இணைத்து முதல்வருக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. மனுவில் ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை. மறுபடியும் அதே மேசையில் உட்கார்ந்து வரைய வேண்டியவள் நான்.

காத்திருந்த மாதங்களில், யாருடைய அனுமதியும் தேவைப்படாத பொருள்களைத் தேடிக்கொண்டேன். அரசு வெளியிட்ட படைப்புகளுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே பதிப்புரிமை என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1851 முதல் இயங்குகிறது. அதன் பழைய வெளியீடுகளின் படங்களையும் வரைபடங்களையும் யாரும் எடுத்தாளலாம். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி 1883-இல் எழுதிய அறிக்கை எங்கள் கரையையும் தழுவியது. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் பழைய அறிக்கைகளில் மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலேயே வருடியிருப்பார்கள், எழுத்து முழுதும் இருக்கும், நமக்கு வேண்டிய படம் மட்டும் மடிப்புக்குள் போயிருக்கும். அதற்கு நூலகத்தில் மூலப்பிரதியைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

இன்றைய நிலவியல் வரைபட அடுக்குகளை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களைத் தேடுபவர்களுக்குத் தாள் எண்கள்: ராமநாதபுரம் 58கே, ராமேஸ்வரம் 58ஓ. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்தில் கடலுயிர்களைச் சேகரித்தவர். அவர் அனுப்பிய பவளங்களில் சில லண்டன் வரை போயின. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் பதிவேட்டில் ஒரு பகுதியை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, படங்களின் உரிம விவரத்தோடு. எங்கள் ஊர்க் கல்லை ரயிலில் போகும் தூரத்துக் கல்லூரியில் பார்ப்பதைவிட லண்டன் பதிவேட்டில் தேடுவது எளிதாக இருந்தது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

நல்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஒப்படைக்கும் தேதியை அனுமதி கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கிடும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், அனுமதி வராவிட்டாலும் முடிக்கக்கூடிய ஒரு பகுதியை, கரையில் உட்கார்ந்து வரைவதையோ பதிப்புரிமை முடிந்த வரைபடங்களை வைத்துச் செய்வதையோ, முதல் தவணைக்கு உரியதாக எழுதி வாங்குங்கள். அச்சகத்துக்கு முன்பணம் தருவது அனுமதிக் கடிதம் வந்த பிறகு.

முடிவில் அனுமதி ஒரே பக்கத்தில் வந்தது. கட்டணம் இல்லை, படத்தின் கீழே துறையின் பெயர் வர வேண்டும், இரண்டு பிரதிகள் கல்லூரிக்கு. நல்கை திரும்பி வரவில்லை. சொந்தச் செலவில் சிறிய அளவில் சில படங்களை மட்டும் அச்சிட்டேன். இப்போது வேறொரு சேகரிப்பில், சாயல்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரியிலிருந்து வந்த மணல் குப்பிகளை வரைந்துகொண்டிருக்கிறேன். அங்கே முதல் நாளே செய்த வேலை, அனுமதிக் கடிதத்தின் ஒரு நகலைப் பதிவேட்டில் அந்தக் குப்பிகளின் எண் உள்ள பக்கத்தில் வைக்கும்படி பொறுப்பாளரிடம் கேட்டது. அவர் மாறுதலாகிப் போனாலும், அடுத்து வருபவர் பதிவேட்டைத் திறக்கும்போது அது கண்ணில் படும்.